தடிமன் என்று தள்ளிப்போட்ட ஊசி

என் மகனின் கிளினிக் கொப்பியில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட மூன்று மாதம் வெறுமையாகக் கிடந்தது. சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமாக ஒன்பதாம் மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். ஊசியின் கட்டம். தட்டுப்பாடு என்று யாரையும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. ஊசி கிளினிக்கில் இருந்தது, மிட்வைஃப் இருந்தார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். போடாமல் திரும்பி வந்தது என் முடிவு.

அவன் பிறந்தது 2022 செப்டெம்பரில், பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலம். மனைவிக்கு வங்கியில் வேலை. நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவன். அதனால் பிரசவ லீவு முடிந்ததும் கிளினிக் என் பொறுப்பாயிற்று. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். வாங்கு நிறைய அம்மாமார், நடுவில் நான் ஒருவன் மட்டும் ஆண். முதல் நாளே மிட்வைஃப், "மஹத்தயா, பபாகே அம்மா கோ?" என்றார். பிள்ளையின் அம்மா எங்கே என்று கேட்கிறார். என் அரைகுறைச் சிங்களத்தில் வேலைக்குப் போய்விட்டார் என்றேன். அவர் தன் அரைகுறைத் தமிழில் "நல்லம், நல்லம்" என்று சொல்லிப் பிள்ளையைத் தராசில் கிடத்தினார்.

ஆரம்பத்தில் நான் ஒழுங்கான ஆள். பிறந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட முன்பே இடது தோளில் பீ.சி.ஜி. போட்டிருந்தார்கள். அது காசநோய்க்கானது, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளின் மூளையில் இறங்கும் காசநோயைத் தடுக்க. சில வாரத்தில் அந்த இடம் சிறு பரு மாதிரி எழும்பி, உடைந்து, கொஞ்சம் சீழும் வந்தது. அம்மா மஞ்சள் அரைக்கப் போய்விட்டார். மிட்வைஃபுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். மஞ்சள் வேண்டாம், பூச்சு மருந்து வேண்டாம், பிதுக்க வேண்டாம், குளிப்பாட்டிவிட்டு விடுங்கள், அது தழும்பாக ஆறினால்தான் எங்களுக்கும் சந்தோஷம் என்றார். தழும்பு விழாத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்து மறுபடி போடுவார்களாம்.

பிறகு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் தொடையில் ஐங்கூட்டு ஊசி, வாயில் போலியோ சொட்டு. ஐங்கூட்டு என்றால் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் என்ற பக்டீரியா ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. முதல் தடவை அன்று இரவு காய்ச்சல் காய்ந்தது, நாங்கள் மூவரும் தூங்கவில்லை. அந்த இரவில் நான் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். வீட்டில் இரண்டு பரசிற்றமோல் போத்தல்கள்: ஒன்று சொட்டாகக் கொடுப்பது, மற்றது சிரப். இரண்டும் ஒரே மருந்துதானே என்று சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை எடுத்துவிட்டேன். சொட்டுப் போத்தலில் மருந்தின் செறிவு பல மடங்கு கூட. மனைவி லேபலைப் பார்த்துக் கையைப் பிடித்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரு போத்தல் மட்டும். அளவையும் வயதை வைத்துக் கேட்பதில்லை. அன்றைய நிறையைச் சொல்லி, இந்தப் போத்தலில் எத்தனை மில்லிலீற்றர் என்று கிளினிக்கிலேயே எழுதி வாங்கிவிடுவேன்.

ஊசி போட்டதும் உடனே வெளிக்கிட விடமாட்டார்கள், இருபது நிமிடம் இருக்கச் சொல்வார்கள். சிலர் பின் வாசலால் நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் கடும் ஒவ்வாமை வரலாம். அது வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும், அதற்கான மருந்து அந்த அறையிலேயே தயாராக இருக்கும். பாதி வழியில் ஓட்டோவில் இருக்காது.

சரி, ஜூன் 2023க்கு வருகிறேன்.

கிளினிக் நாளன்று காலை பிள்ளைக்கு மூக்கால் ஓடியது. தடிமன். காய்ச்சல் இல்லை, பால் குடித்தான், சிரித்தான். அம்மா வாசலில் நின்று மறித்தார். "தம்பி, தடிமனோட ஊசி போட்டா சளி நெஞ்சுக்க இறங்கிடும். அடுத்த கிழமை போட்டா என்ன குறைஞ்சு போகும்?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நிறையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கூட்டம் அதிகம், மிட்வைஃபுக்கு நிமிர நேரமில்லை. தடிமன் என்று நானாகவே சொல்லி, அவர் பதில் சொல்ல முன்பே அடுத்த முறை வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். அடுத்த முறை எனக்கு மாத முடிவுக் கணக்கு. அதற்கு அடுத்த முறை யாழ்ப்பாணத்தில் மச்சாளின் கலியாணம். ஒரு கிழமை ஆறு கிழமையாகிவிட்டது. நடுவில் லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள் தொலைபேசி எடுத்து, "எம்.எம்.ஆர். போட்டால் பிள்ளை கதைக்காமல் போகுமாம், யோசிச்சுச் செய்" என்று வேறு சொல்லிவைத்தார். நான் அதை நம்பவில்லை. ஆனால் தள்ளிப்போட நினைப்பவனுக்கு நம்பாத காரணமும் உதவும்.

ஜூலை கடைசியில் காய்ச்சல். கூடவே வறட்டு இருமல், மூக்கு, கண் இரண்டும் சிவந்து பீளை. மூன்று நாள் பனடோலுடன் ஓட்டினோம். நான்காம் நாள் காதுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளிகள் தொடங்கி, முகத்துக்கு வந்து, அடுத்த நாள் நெஞ்சு வயிறெல்லாம் இறங்கியது. அம்மா பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்: சின்னமுத்து. அம்மாள் வருத்தம் என்று வாசலில் வேப்பிலையும் செருகினார். நான் வேப்பிலையைத் தடுக்கவில்லை, ஆனால் பிள்ளையின் விலா உள்ளே இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் ஓட்டோ பிடித்துவிட்டேன்.

அரச ஆஸ்பத்திரியில் ஆறு நாள். சின்னமுத்து நெஞ்சுக்கு இறங்கி நியுமோனியா. ஒக்சிசன் கொடுத்தார்கள். இரண்டு நாள் விற்றமின் ஏ கொடுத்தார்கள். சின்னமுத்து உடம்பிலுள்ள விற்றமின் ஏயைக் குறைத்துக் கண்ணையும் கெடுக்கக்கூடியதாம். வைரஸைக் கொல்ல என்று மருந்து கிடையாது, உடம்பு அதுவாகவே வெல்லும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை என்றார் வார்ட்டிலிருந்த இளம் டொக்டர். மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. நான் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் விளக்கினார். அவர் சொன்னதை நான் கிரிக்கெட்டாக மாற்றித்தான் விளங்கிக்கொண்டேன்.

மலிங்க 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார் அல்லவா? அந்தக் கை எங்கிருந்து சுழன்று வருகிறது என்று கண் பழக முன்பே ஸ்டம்ப் சாய்ந்துவிடும். அந்தப் பந்தை முதன்முதலில் சந்திப்பவன் ஒருவன். இன்னொருவன், அதே மாதிரிச் சாய்ந்த கையால் ஒருவரை டென்னிஸ் பந்து எறியவைத்துப் பத்து நாள் பழகிவிட்டு வருபவன். தடுப்பூசி அந்த டென்னிஸ் பந்து. உண்மைக் கிருமி முதல் தடவையாக உள்ளே வரும்போது, அதற்குப் பொருத்தமான வெள்ளைக் கலங்களைத் தேடிப் பெருக்கி, கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைச் செய்து முடிக்க உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமை வேண்டும். அதற்குள் கிருமி நெஞ்சுவரை போய்விடும். பழகியிருந்தால் ஞாபகக் கலங்கள் என்று ஒரு கூட்டம் ஏற்கனவே உள்ளே காத்திருக்கும், அவை உடனே எழும்பும். பல வேளை வருத்தம் வந்ததே தெரியாது.

எல்லா ஊசியும் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுப்பதில்லை. எம்.எம்.ஆரில் இருப்பது உயிருள்ள வைரஸ்கள்தான், ஆனால் பலமிழக்கச் செய்தவை. ஏற்புவலிக்குக் கிருமியே தேவையில்லை. ஆளைக் கொல்வது அதன் நஞ்சு, ஆகவே நஞ்சை மட்டும் செயலிழக்கச் செய்து காட்டுகிறார்கள். ஈரலழற்சி பிக்கு வைரஸின் மேலுறையில் ஒரு துண்டு போதும், அதையும் ஈஸ்டுக்குள் செய்து எடுக்கிறார்கள். ஊசி போட்ட இரவில் வரும் காய்ச்சல் உடம்பு பயிற்சி செய்கிற சூடு. அது நோய் இல்லை.

நான் டொக்டரிடம் கேட்ட முக்கியமான கேள்வி வேறு. பிறந்தவுடனேயே இதையும் போட்டிருக்கலாமே, ஏன் ஒன்பது மாதம்?

அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னைக் குத்தியது. தாயின் பிறபொருளெதிரிகள் கருவிலேயே பிள்ளைக்குப் போகின்றன. முதல் மாதங்களில் பிள்ளையைக் காப்பது அந்தக் கடன். அது நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், உடம்பு பாடம் படிக்க முன்பே தாயின் பிறபொருளெதிரிகள் ஊசியின் வைரஸை அழித்துவிடும், ஊசி வீண். கடன் மெல்ல மெல்லத் தீர்ந்து வரும். ஊசி வேலை செய்கிற அளவுக்கு அது குறைந்திருக்க வேண்டும், பிள்ளை அதிக நாள் வெறுமையாக நிற்கவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் கணக்குப் பார்த்து வைத்த திகதிதான் ஒன்பது மாதம். நானோ கணக்கு வேலை செய்பவன். கடன் முடிகிற திகதியைத் தெரிந்துகொண்டே தள்ளிப்போட்ட மாதிரி இருந்தது.

தடிமனுக்கு ஊசியைத் தள்ளத் தேவையே இல்லை என்றும் அவர் சொன்னார். கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிற அளவு வருத்தம், முந்திய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை, நிர்ப்பீடனத்தை, அதாவது நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற நோய் அல்லது மருந்து: இப்படியானவற்றுக்குத்தான் யோசிக்க வேண்டும். அதையும் டொக்டர் யோசிக்க வேண்டும், வாசலில் நிற்கிற நானும் அம்மாவும் அல்ல.

மூன்றாம் இரவு வார்ட்டில் அம்மா பக்கத்தில் இருந்தார். பிள்ளை இருமி இருமி ஓய்ந்து தூங்கியிருந்தான். அம்மா திடீரென்று, "எனக்கொரு தங்கச்சி இருந்தவ" என்றார். எனக்கு முப்பத்தேழு வயது, அதுவரை நான் கேட்டதில்லை. குக்கல். மூச்சு இழுக்கும்போது கூவுகிற அந்தச் சத்தம் வீட்டுக்கு வெளியே கேட்குமாம். ஒரு வயது ஆகவில்லை. பெயரும் வைத்திருந்தார்கள். குக்கல், தொண்டைக்கரப்பான், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி இலங்கைக்கு வந்தது 1961இல். அம்மாவின் தங்கை அதற்குச் சில வருடம் முந்திப் போய்விட்டார். "அப்ப ஊசி இருந்திருந்தா அம்மம்மா ஓடிப் போய்ப் போட்டிருப்பா" என்று அம்மாவே சொன்னார். இதே அம்மா 2021இல் தன்னுடைய கோவிஷீல்ட் முதல் ஊசியை வரிசையில் முதல் ஆளாகப் போட்டுவிட்டு, இரண்டாவது தட்டுப்பாடானபோது ஜப்பானிலிருந்து மருந்து வரும்வரை தினமும் என்னைக் குடைந்தவர். ஊசியில் அவருக்குப் பயமில்லை, பேரனின் தடிமனில்தான் பயம். இதை விளங்கிக்கொண்ட பிறகு அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி சின்னமுத்தை அறிவித்தபடியால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். கொப்பியைக் கேட்டார், வெறுமையான கட்டத்தில் விரலை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதைவிட அவர் ஏசியிருக்கலாம். பிறகு மாடியில் வேறு சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழ்மாடி அக்காவின் மகளுக்கு ஐந்து மாதம். காய்ச்சல் தொடங்கிய நாளில் அந்த அக்கா பிள்ளையோடு எங்கள் வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். சின்னமுத்து, புள்ளி தெரிய நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். இருமியவர் போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை அந்த அறைக் காற்றில் வைரஸ் நிற்கக்கூடும். எங்கிருந்து என் பிள்ளைக்குத் தொற்றியது என்றே எங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

அக்காவிடம் நானே இறங்கிப் போய்ச் சொன்னேன். அவர் பிள்ளையை டொக்டரிடம் காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு மேல் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக் கதவும் பூட்டியே கிடந்தன. பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. தாயின் கடன் அவளுக்கு இன்னும் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஊசிக்கு வயது வராத பிள்ளையைச் சுற்றியிருப்பவர்கள்தான் காக்க வேண்டும் என்பதை இதற்கு முன் நான் ஒரு சுகாதாரச் சுவரொட்டி வாசகமாக மட்டும்தான் அறிந்திருந்தேன். சின்னமுத்து பரவாமல் நிற்க நூற்றில் 95 பேராவது தடுப்பாற்றலோடு இருக்க வேண்டுமாம். இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஜூலையில் அறிவித்திருந்தது. 2023இல் கொழும்பில் அது திரும்பவும் பரவியது. 2024 ஜனவரியில் கொழும்பு, யாழ்ப்பாணம் உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போட்டார்கள். வெறுமையான கட்டங்கள் என் கொப்பியில் மட்டும் இருந்திருக்காது.

லண்டன் அக்காவுக்கும் ஆற அமரப் பதில் சொன்னேன். அவர் சொன்ன கதை 1998இல் வேக்ஃபீல்ட் என்ற டொக்டர் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து, எம்.எம்.ஆரை ஓட்டிசத்தோடு, அதாவது பிள்ளையின் பேச்சும் பழகுவதும் பாதிக்கப்படும் நிலையோடு, தொடர்புபடுத்தி எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010இல் அந்தச் சஞ்சிகையே கட்டுரையை மீளப்பெற்றது, அதே வருடம் அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், எம்.எம்.ஆருக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று 2019இல் வந்தது. அக்கா கேட்டுவிட்டு, "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடிகிற கதையை நான் மூன்று மாதம் முந்திக் கதைத்திருக்கலாம்.

சின்னமுத்து வந்து மாறினால் இனி ஊசி தேவையில்லை என்று நினைத்தேன். இல்லை. எம்.எம்.ஆரில் கூகைக்கட்டும் ருபெல்லாவும் இருக்கின்றன, அவன் அவற்றைச் சந்திக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் டொக்டரிடம் கேட்டுப் போட்டோம். அதனால் இன்னொரு சிக்கல். பன்னிரண்டாம் மாதம் மூளைக்காய்ச்சல் ஊசி. அதுவும் உயிருள்ள வைரஸ். இப்படியான இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடாவிட்டால் நடுவில் நான்கு கிழமையாவது விட வேண்டும். ஆகவே அதுவும் ஒக்டோபருக்குப் போனது. ஒரு கட்டத்தைத் தள்ளினால் அடுத்த கட்டமும் தள்ளுப்படும். ஒரு நல்ல விஷயம், தவறிய ஊசிக்காகத் தொடக்கத்திலிருந்து மறுபடி போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெட்கப்பட்டுக் கிளினிக்குக்கே போகாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மிட்வைஃப் ஏசுவார். ஏசிவிட்டுப் போடுவார்.

அடுத்த பல மாதம் பிள்ளைக்கு மாறி மாறி ஏதோ ஒன்று: வயிற்றோட்டம், காது வலி, திரும்பத் திரும்பச் சளி. சின்னமுத்து, உடம்பு ஏற்கனவே படித்து வைத்த மற்றக் கிருமிகளின் ஞாபகத்தையும் சேர்த்து அழிக்கக்கூடியது என்று பிறகுதான் அறிந்தேன். பட்டுத் தேறினால் உடம்பு பலமாகும் என்பார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு.

இரண்டாவது எம்.எம்.ஆர். மூன்று வயதில், போன செப்டெம்பரில். ஒரு ஊசியில் நூறு பிள்ளைகளில் 93 பேர் வரை சின்னமுத்திலிருந்து காக்கப்படுவார்கள், இரண்டு போட்டால் 97. விடுபட்டவர்களைப் பிடிக்கத்தான் இரண்டாவது. காற்சட்டையை இலேசில் கழற்றும்படி அணிவித்து, கொப்பியை நெகிழிப் பைக்குள் சுற்றிக் கொண்டுபோனேன். ஊசி வலிக்குமா என்று அவன் கேட்டான். வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும் என்றேன். ஏழு வரை சத்தமாக எண்ணிவிட்டு அழுதான்.

எம்.எம்.ஆருக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் அன்றிரவே வருவதில்லை. பலமிழந்த வைரஸ் உள்ளே பெருக நாள் எடுப்பதால் ஒரு கிழமை கழித்து, ஆறு முதல் பன்னிரண்டு நாளுக்குள் வரும், இலேசான புள்ளிகளும் போடலாம். முதல் தடவை இது தெரியாமல் வேறு வருத்தம் என்று ஓடித் திரிந்தோம். இந்தத் தடவை அம்மா கலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் மாலை அவனுக்கு உடம்பு சுட்டது. நிறை பார்த்துப் பனடோல் கொடுத்தோம், தண்ணீர் நிறையக் கொடுத்தோம். அடுத்த நாள் இரவு சூடு இறங்கிவிட்டது, ரொட்டி கேட்டான்.